ஒன்பது வோல்ட்

இரவு பதினொன்று நாற்பதுக்கு அழைப்பு.
"ஒண்ணும் இல்லை" என்றுதான் தொடங்குவாள் டாம்சின்.
பதினெட்டு முடிந்து பன்னிரண்டு நாள்.
டாஸ்மேனியாவின் வடகரை, பர்னி துறைமுகத்துக்கு எதிரே
மூடிப்போன மீன்கடையின் மாடியில்
அவள் பேரில் ஒரு சாவி.

"ஒண்ணும் இல்லை.
இந்தச் சத்தம் எல்லார் வீட்டிலயும் வருமா?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் கேட்டுவிட்டது,
குருவிக்குஞ்சை யாரோ டப்பாவில் போட்டு மூடியதுபோல.
நாற்பது விநாடிக்கு ஒரு தரம்.
முந்தாநாளிலிருந்தாம்.
தலையணையைத் தூக்கிக்கொண்டு போய்
இரண்டு ராத்திரி குளியலறையில் படுத்திருக்கிறாள்.

புகை எச்சரிக்கிற கருவி அது என்றேன்,
பேட்டரி தீர்ந்தால் அப்படித்தான் கத்தும்.
"அது என் வேலையா?"

கோபம் இல்லை அந்தக் கேள்வியில்.
பதினோரு வீடு மாறியவள்.
பதினோரு கூரையிலும் இது இருந்திருக்கும்.
யார் மாற்றினார்கள், எப்போது என்று
அவள் பார்த்ததே இல்லை,
தெருவிளக்கை ஏற்றுபவரை
நாம் பார்க்காத மாதிரி.

துறை கொடுத்தனுப்பிய பெட்டியில்
தட்டு நாலு, கெட்டில், போர்வை, டின் திறப்பான்,
வாழ்த்து அட்டை ஒன்று. கீழே மூன்று கையெழுத்து,
அதில் இரண்டு பேரை அவளுக்குத் தெரியாது.
நாற்காலி இல்லை.
பட்டியலில் அதைச் சேர்க்க மறந்தவர்களில்
நானும் ஒருத்தி.

"எது மேலயாவது ஏறு."
"எது மேல?"

மெத்தை தரையில் கிடக்கிறது.
துணிமணி இன்னும் கறுப்புக் குப்பைப் பைகளில்.
எத்தனை பையை அடுக்கினாலும்
ஓர் ஆள் நிற்க உயரம் வராது.

பிறகு ஏதோ இழுபடும் ஓசை.
"ஃபைல் இருக்கு."

அவளே எழுதிக் கேட்டு வாங்கியது, போன மாதம்.
மூன்று வயதிலிருந்து அவளைப் பற்றி
அவளைத் தவிர எல்லாரும் எழுதியது.
இரண்டு அட்டைப்பெட்டி, ஆயிரத்து முன்னூறு பக்கம்.
அம்மா பேர் வருகிற இடமெல்லாம் கறுப்பு மை.
பதினேழாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டாள்.
ஒரே ஒரு வரியை எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்:
குழந்தை சாப்பாட்டை ஒளித்துவைக்கிறது.
"குழந்தைன்னு போட்டிருக்காங்க, பாரேன்"
என்று சிரித்தாள்.

பெட்டி மேல் பெட்டி.
மூச்சு வாங்குகிறது.
"தாங்குமா?"
தாங்கும் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்.

இடப்பக்கம் திருகு. இன்னும்.
பிளாஸ்டிக் விடுபடும் ஓசை,
ஒரு கெட்டவார்த்தை,
தரையில் இரண்டு பாதம்.

"கையில வந்துடுச்சு."

மரச்சில்லு ஏற்றும் கப்பலின் இரைச்சல்
அவள் சன்னல் வழியாக என் காதுக்கு வருகிறது.
வாரத்துக்கு ஐந்து மணி நேரம் அவளுக்கு, என் கணக்கில்.
செவ்வாய்க்கிழமையே தீர்ந்துபோனது,
வங்கி வரிசையிலும் பல் மருத்துவர் வாசலிலும்.

"இதை எந்தக் கட்டத்துல எழுதுவே?"
படிவம் அவளுக்கு மனப்பாடம்.
"இருபத்தொண்ணு வரைக்கும்தானே நீ?"

ஆமாம் சொல்ல வாய் திறக்கிறேன்,
அவள் உள்ளங்கையில்
பேட்டரி கழற்றிய அந்த வெள்ளை வட்டம்
கீச்சென்றது.

"ஏய், காலிதானே இது? இன்னும் கத்துது!"
உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்றேன்.
"எவ்வளவு நேரம்?"
தெரியவில்லை.

காலை எட்டுக்குக் கடை திறக்கும், பேட்டரி வாங்க வேண்டும்.
என் சமையலறையில் நாற்காலி நாலு இருக்கிறது,
உட்காருகிறவள் நான் ஒருத்தி.
இரண்டை மடக்கினால் காரில் பிடிக்கும்.

"வைக்கட்டுமா?" என்றேன்.
"இரு. அடுத்தது வருதான்னு பாப்போம்."

எண்ண ஆரம்பித்தோம்,
முதலில் அவள் மட்டும், பிறகு நானும்.

முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.
நாற்பது.

நாற்பத்தொன்று.